மெர்டேக்கா (விடுதலை) கலை இரவு: நம் பங்குக்கு எதை மேடையேற்றலாம்?

கேள்வி – ஈப்போ மாணவி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் படிக்கும் மலேசிய மாணவர்களாகிய நாங்கள், விடுதலை நாளான ஆகஸ்டு 31, மலேசியா நாளான செப்டம்பர் 16 ஆகிய இரு நாள்களும் கோடை விடுமுறையில் கழிந்துவிடுவதால், இரண்டையும் சேர்த்து அக்டோபரில் ஒரு கலை இரவாக நடத்தவிருக்கிறோம். ஏற்பாட்டுக் குழு ஒவ்வோர் இனத்துக்கும் எட்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறது. மலாய் மாணவர்கள் ஜாப்பின் ஆடுகிறார்கள். சீன மாணவர்கள் 24 பருவ முரசு கொட்டுகிறார்கள். தமிழ் மாணவர்களாகிய நாங்கள் பரதநாட்டியம் ஆட வேண்டும் என்பது யாரும் கேட்காமலேயே முடிவாகிவிட்டது. எங்களுள் முறையாகப் பரதம் பயின்றவர் ஒருவர்தான். போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களின் மாணவர்கள் யாரும் இங்கு இல்லாததால் அப்பகுதியை விட்டுவிடலாம் என்றும் பேசிக்கொள்கிறார்கள். இந்த எட்டு நிமிடத்தில் என்ன செய்யலாம்?

பதில் – பழைய மாணவர்

தங்கையே, பரதம் ஆடுவதில் தவறில்லை. ஆனால் அதே ஆட்டத்தை இந்திய மாணவர்கள் தங்கள் விழாவிலும் ஆடுவார்கள். அவர்கள் மேடையில் காட்ட முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது ரப்பர்த் தோட்டம்.

விடியுமுன் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கும் கங்காணி பெயர் கூப்பிடுவதிலிருந்து தொடங்குங்கள். பிறகு மரம் சீவும் காட்சி: கத்தி பட்டையின் மேல் சாய்வாக இறங்க, வெட்டுக்கோட்டின் வழியே பால் வழிந்து கோப்பையில் சொட்டும். அந்தக் கையசைவை அபிநயமாக அமைக்க, பரதம் பயின்ற அந்த ஒருவரே போதும். மற்றவர்கள் வரிசையாக நின்று அதே அசைவைச் செய்தால் மேடை நிறைந்துவிடும். பின்னணிக்கு உறுமி மேளம் தவிர வேறெதுவும் வேண்டாம்.

விடுதலையோடு இதற்கு நேரடித் தொடர்பும் உண்டு. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்ததையொட்டி வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்க, அவை சிறு சிறு துண்டுகளாகக் கைமாறியதில் தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் மலேசிய இந்தியர் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டம் தோட்டமாகச் சென்று, சீவுகிறவர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். கூலியாக நின்றவர் பங்குதாரராக மாறுகிற அந்த இடத்தில் காட்சியை முடியுங்கள்.

பதில் – கூச்சிங்கில் வளர்ந்தவன்

தோட்டக் காட்சி நல்ல யோசனை. சபா, சரவாக் பகுதியை விடுவதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. 1957 ஆகஸ்டு 31 மலாயா விடுதலை பெற்ற நாள். மலேசியா என்னும் நாடு, சபாவும் சரவாக்கும் சிங்கப்பூரும் இணைந்த பிறகு, 1963 செப்டம்பர் 16இல்தான் உருவானது. செப்டம்பர் 16ஐயும் சேர்த்துக் கொண்டாடுவதாக அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு, அந்த நாளுக்குக் காரணமானவர்களை மேடையில் காட்டாமல் விடுவது முறையன்று.

அதற்காகக் காணொளியைப் பார்த்து சரவாக்கின் இபான் மக்களுடைய ஙாஜாட் நடனத்தை அரைகுறையாக ஆடவும் வேண்டாம். அது பயிற்சி கேட்கும் ஆட்டம். இருவாட்சி இறகு சூடிய தலையணிக்கு மாற்றும் தேட வேண்டியிருக்கும். சபாவின் கடசான்டுசுன் மக்களுடைய சுமாசாவ், கோங் ஒலிக்கேற்பக் கைகளைப் பறவையின் சிறகுபோல் விரித்து மெல்ல அடியெடுத்து வைக்கும் நடனம். அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் சபா மாணவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரிடமே கற்றுக்கொண்டு, எல்லா இனத்தவரும் கலந்து ஆடுங்கள். இனத்துக்கு எட்டு நிமிடம் என்ற கணக்கே அங்கு அடிபட்டுப் போகும்; போகட்டும்.

பதில் – மேடை நிர்வாகி

இருவரும் கலையைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் அரங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். உறுமியையும் 24 பருவ முரசையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். மூடிய அரங்கில் இரண்டாவது மேளம் எடுபடாது. நாட்டுப்பண்ணான நெகாராகூ ஒலிக்கும்போது அனைவரும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதை, உள்ளூர் விருந்தினர்களுக்கு அறிவிப்பாளர் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நிறைவுக்கு மலாய்க் குழுப்பாடலான டிக்கிர் பாராட்டைப் பரிந்துரைக்கிறேன். தோக் ஜுவாரா, துக்காங் காருட் எனப்படும் முன்பாடகர்கள் இருவரும் பாட, மற்றவர்கள் சம்மணமிட்டு வரிசையாக அமர்ந்து, கைதட்டி, உடலை அசைத்து, பல்லவியைத் திருப்பிச் சொல்வார்கள். நடனம் தெரியாதவர்களையும் சில வாரங்களில் அதில் உட்கார வைத்துவிடலாம். துக்காங் காருட் கேலியும் செய்தியும் கலந்து இட்டுக்கட்டிப் பாடுவது அதன் மரபு என்பதால், இடையில் தமிழிலும் மாண்டரினிலும் ஓரிரு அடிகள் சேர்த்தால் உறுத்தாது. 1957இல் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கியதை ஒரு நடிகர் வேடமிட்டுச் செய்வது பெரும்பாலும் எடுபடுவதில்லை. டிக்கிர் பாராட் முடியும் இடத்தில், அந்த ஏழு முழக்கத்தையும் அரங்கமே எழுப்பும்படி விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. தோட்டக் காட்சியையும் சுமாசாவையும் குழுவின் முன் வைத்தேன். டிக்கிர் பாராட்டுக்கு மலாய் நண்பர்கள் உடனே இசைந்துவிட்டார்கள். சுமாசாவுக்கு யார் நேரத்தை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் இன்னும் பேச்சு நடக்கிறது. பெரட்டில் பெயர் கூப்பிடுவதை நேரில் கேட்டவர்கள் இங்கு இருந்தால், கங்காணி எந்தச் சொற்களில் கூப்பிடுவார், தொழிலாளர்கள் எவ்வாறு பதில் குரல் கொடுப்பார்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். காட்சியின் முதல் அரை நிமிடம் அதை நம்பித்தான் இருக்கிறது.