ஆகஸ்ட் 15 நாடகம்: மால்டா கப்பல்

குழு: மாதா தெரு குடும்பம்

ஜெசி மதினி: மாதா விண்ணேற்பு பூசை முடிஞ்சு கொடியேத்துனதும் நம்ம பிள்ளைங்களுக்கு 10 நிமிஷம். மால்டா 1942: ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனியும் இத்தாலியும் முற்றுகை போட்ட மத்தியதரைக் கடல் தீவுக்கு எண்ணெய்க் கப்பல் வந்த கதை. ஃபாதர் சரின்னுட்டாங்க. வசனம் இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடியணும்

செல்வி சித்தி: முன்னனுப்பிய செய்தி: மால்டா ஆலயத்தில் 1000 பேர் செபித்தபோது விழுந்த குண்டு வெடிக்கவில்லை!! உள்ளே வெறும் மணலும் வாழ்த்துச் சீட்டும்!! 10 பேருக்கு அனுப்பவும் 🙏🙏

ஸ்டீபன் மாமா: செல்வி, குண்டு விழுந்தது நெசம். மோஸ்டா கோயில், 1942 ஏப்ரல் 9 சாயங்காலம். உருண்டைக் கூரையத் துளைச்சுக்கிட்டு உள்ள விழுந்துச்சு, வெடிக்கல. உள்ள இருந்தது 250, 300 பேர். பட்டாளத்துக்காரங்க வந்து செயலிழக்க வச்சு கடல்ல கொண்டு போட்டாங்க. சீட்டுக் கதைக்கு ஆதாரம் கெடையாது, பிள்ளைங்க வாயில அத வைக்கக் கூடாது.

செல்வி சித்தி: புதுமைதானண்ணே

ஸ்டீபன் மாமா: புதுமைன்னு சொல்லு. சீட்டு வேண்டாம்.

பெரியம்மா: பவுல் கப்பல் ஒடஞ்சு கரையேறுன தீவா

ரூபன்: அதேதான் பெரியம்மா. திருத்தூதர் பணிகள் 28

ரூபன்: மாமா மொத காட்சி விமானச் சண்டை வச்சிருக்கேன். சத்தம் போன்ல எடுத்தாச்சு

ஸ்டீபன் மாமா: விமானத்துல ஆரம்பிக்காத ரூபன். அடுப்புல ஆரம்பி. தீவெல்லாம் சேத்தே 316 சதுர கிலோமீட்டர், அன்னைக்கு ஜனம் சுமார் 2,70,000. காடு கெடையாது, விறகு கெடையாது, வீட்டுல மண்ணெண்ணெய் அடுப்பு. குடிதண்ணிய பாறைக்கு அடியில இருந்து பம்புதான் ஏத்தணும், பம்புக்கு எண்ணெய். மாவு மில்லுக்கும் எண்ணெய். அதனால எண்ணெய்க் கப்பல் வரலைன்னா கோதுமை கையில இருந்தாலும் ரொட்டி இல்ல. இது புரிஞ்சாத்தான் கடைசிக் காட்சியில ஜனம் ஏன் அழுதுச்சுன்னு புரியும்.

ஸ்டீபன் மாமா: வீடு வீடா அடுப்பு பத்த வச்சா எண்ணெய் பத்தாது. அதனாலதான் ‘விக்டரி கிச்சன்’னு பொதுச் சமையல். பாத்திரத்தோட வரிசையில நிக்கணும், ரேஷன்ல ஒரு பங்க விட்டுக்குடுக்கணும். கெடைக்கிறது தண்ணியா ஒரு சூப்பு, இல்லன்னா ஆட்டுக்கறி. பால் கறந்த ஆட்டையே அறுத்தாங்க. ரொட்டி மே மாசத்துல இருந்து ஆளுக்கு நாளைக்கு 300 கிராம்.

அந்தோணி அண்ணன்: 300 கிராம்னா பேக்கரில நிறுத்தே வாங்கிரலாம். மேடைல காட்டலாம்

பெரியம்மா: ஆட்ட அறுத்துட்டா பிள்ளைகளுக்குப் பால்?

ஸ்டீபன் மாமா: பால்பொடி அக்கா. அதுவும் கப்பல்லதான் வரணும்.

பெரியம்மா: மாதாவே

அந்தோணி அண்ணன்: போன வருசம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு எடுத்த தெர்மோகோல் எங்க இருக்கு? 6 ஷீட்டு

செல்வி சித்தி: எங்க வீட்லன்னு நேராவே கேளேன்

பெரியம்மா: குடில் பேச்ச இங்க எடுக்காதீங்க

ஜெசி மதினி: கப்பலுக்கு வாங்க மாமா

ஸ்டீபன் மாமா: 1942 ஆகஸ்ட்ல ஜிப்ரால்டர் ஜலசந்தி தாண்டி மால்டாவுக்குப் பொறப்பட்டு வந்தது 14 வணிகக் கப்பல். 9 மூழ்கிருச்சு. 13-ம் தேதி 3 வந்துச்சு, 14-ம் தேதி மூக்கு பிஞ்ச ஒண்ணு. 15-ம் தேதி காலைல ஒஹாயோ, எண்ணெய்க் கப்பல். மாதா விண்ணேற்பு அன்னைக்கே வந்ததால அந்தக் கப்பல் கூட்டத்துக்கே அங்க சாந்தா மரியான்னுதான் பேர்.

ரூபன்: முன்னால ஒரு கப்பல் கயிறு கட்டி இழுக்குது, சரியா?

ஸ்டீபன் மாமா: அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. டார்பிடோ பட்டு வயித்துல பெரிய ஓட்டை. கிழிஞ்ச தகடு வெளிய வளைஞ்சு நின்னு கப்பல ஒரு பக்கமாவே திருப்பும், சொந்தச் சுக்கானும் போச்சு, இஞ்சினும் போச்சு. முன்னால இழுத்தா வட்டம் போடும், கயிறு அறும். அறுந்துச்சு. பெறகு ரெண்டு நாசகாரிக் கப்பல இடமும் வலமும் அணைச்சுக் கட்டுனாங்க, பென்னும் பிராம்ஹமும். சுக்கானுக்குப் பதிலா பின்னால இன்னொரு நாசகாரி, லெட்பரி. பழுதான வல்லத்த ரெண்டு வல்லம் நடுவுல வச்சுக் கொண்டாற மாதிரி நெனச்சுக்கோ. மேல்தளத்துக்குத் தண்ணி வர கொஞ்சந்தான் பாக்கி. எண்ணெய இறக்கி முடிக்கையில துறைமுகத்துலயே தரை தட்டிருச்சு.

அந்தோணி அண்ணன்: அப்ப 3 அட்டை. நடு அட்டை ஒரு சாண் பதிவா, ஆணி இல்லாம கயிறு

ஸ்டீபன் மாமா: சரியாப் புடிச்ச. கயிறு வெளிய தெரியணும்.

பெரியம்மா: குண்டு போடையில ஜனம் எங்கப்பா இருந்துச்சு

ஸ்டீபன் மாமா: பாறைக்குள்ள அக்கா. அந்த ஊர் சுண்ணாம்புக்கல் மெது, கைப் பிக்காசுலயே குடையலாம். ஆனா ஈரம் கசியும், கூட்டத்துல சிரங்கு பரவும். சுவத்துல சின்ன மாடம் வெட்டி மாதா சுரூபம் வச்சிருக்காங்க. இன்னைக்கும் போய்ப் பாக்கலாம்.

பெரியம்மா: அந்த மாடம் மேடைல வரணும். எங்க வீட்டுச் சின்ன சுரூபத்தத் தாரேன். ஒடைக்கக் கூடாது

ஜெசி மதினி: மால்டா கொடி தைக்கக் குடுத்தது சிவப்பு முன்னால வந்துருச்சு மாமா

ஸ்டீபன் மாமா: கம்பத்துப் பக்கம் வெள்ளை வரணும், மேல் மூலைல ஜார்ஜ் சிலுவைங்கிற வீரப் பதக்கம். 1942 ஏப்ரல் 15 மன்னர் ஆறாம் ஜார்ஜ் தீவு முழுசுக்கும் குடுத்தது. சிலுவை தைக்கலைன்னா துணியத் திருப்புனாப் போதும். ஆனா அந்தக் கொடி 1964-ல வந்தது. கப்பல் காட்சியில புடிக்காதீங்க, கடைசி பாட்டுக்கு மட்டும்.

ஜெசி மதினி: தைச்சாச்சே 😢

செல்வி சித்தி: பிரிச்சுத் தாரேன். கொண்டாங்க. தெர்மோகோலையும் வந்து எடுத்துட்டுப் போங்க

ரூபன்: கடைசி வசனம்: “அன்றோடு பஞ்சம் தீர்ந்தது”

ஸ்டீபன் மாமா: தீரல. ரேஷன் அப்படியேதான் ஓடுச்சு. நவம்பர் 20 வந்த கப்பல்கள்தான் முற்றுகைய ஒடச்சுச்சு. அதே மாசம் போலியோ வேற வந்துச்சு. “இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்”னு எழுது.

ரூபன்: எழுதிட்டேன். விமானச் சத்தம் 5 செகண்ட் வைக்கலாமா?

ஜெசி மதினி: ஒத்திகை சனிக்கிழமை 5 மணி, நம்ம மாடில

பெரியம்மா: சனிக்கிழமை செபமாலை இருக்கு

ஜெசி மதினி: அப்ப ஞாயிறு?

அந்தோணி அண்ணன்: ஞாயிறு எனக்குக் கடல். ஏணி யார்ட்ட இருக்கு