நெட்வொர்க் அறையில் சூடு, தலைக்கு மேலே கழிவுக் குழாய் - ஆலோசனை வேண்டும்

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பொறுப்பில் இருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே 8க்கு 6 அடி அறை. 42யூ ரேக் (கருவிகளை அடுக்கும் ஆளுயர அலமாரி) ஒன்று, 48 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிகளுக்குக் கரண்டும் கொடுப்பது) இரண்டு, 3 கேவிஏ யூபிஎஸ். மார்ச் கடைசியிலிருந்து மதியம் 2 மணிவாக்கில் மேல் சுவிட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சுவிட்சின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) டெம்பரேச்சர் அலாரம். ரேக்குக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 41 டிகிரி. 27க்குள் இருக்க வேண்டியது.

ரேக் ஃபேன் மாற்றினேன், காலி இடங்களை பிளேட் வைத்து மூடினேன். ஒன்றரை டன் ஏசியும் போட்டாயிற்று. ஆனால் ஏசிக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது. கரண்ட் போனால் யூபிஎஸ்ஸில் ரேக் ஓடுகிறது, அறை வெந்துவிடுகிறது.

சூட்டைவிட எனக்குப் பயம் கூரைதான். மாடிக் கழிவறைக் குழாய் ரேக்குக்கு நேர் மேலே போகிறது. போன வாரம் ரேக் தலையில் நாலைந்து சொட்டு காய்ந்த வெள்ளைத் தடம் பார்த்தேன். இப்போதைக்குத் தகரம் வைத்திருக்கிறேன். மெயின் ஸ்விட்ச் போர்டும் இதே அறையில்தான், அதனால் சாவி நாலு பேரிடம். துடைப்பமும் வாளியும் உள்ளேயே கிடக்கும்.

முதல் மாடியில் 10க்கு 12 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, மேலே குழாய் இல்லை. அங்கே போனால் கடைசி லேபுக்குக் கேபிள் 90 மீட்டரைத் தாண்டும்; செப்புக் கேபிளுக்கு அதுதான் வரம்பு. ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) இழுத்து லேப் பக்கம் ஒரு சின்ன ரேக் வைக்க வேண்டும். ஜூனில் கல்லூரி திறக்கிறது, பணம் ஒரு வேலைக்குத்தான் கிடைக்கும்.

குழாயைத் திருப்பி, ஏசிக்கு ஜெனரேட்டர் லைன் கொடுத்து இங்கேயே இருப்பதா, மாடிக்கு மாற்றிவிடுவதா? நீங்களாக இருந்தால் எதைச் செய்வீர்கள்?