ஆறு மாதம் வெயிலே படாத பள்ளத்தில் போய் ஏன் ஊரைக் கட்டினார்கள்?

கொடிவழி கேட்டது:
நார்வேயில் ரியூக்கான் என்று ஒரு சின்ன ஊர். நேற்று ராத்திரி அதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் போகிற வெயில் மார்ச் நடுவில்தான் திரும்ப ஊருக்குள் இறங்குமாம். அதனால் மலைமேல் கண்ணாடி வைத்து வெயிலை ஊர்த் திடலுக்குத் திருப்பிவிடுகிறார்களாம். எனக்கு இரண்டு சந்தேகம். அந்த ஊர் துருவத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஆஸ்லோ இருக்கும் அதே அட்சரேகைதான், அப்புறம் எப்படி ஆறு மாதம் சூரியன் இல்லாமல் போகும்? இன்னொன்று, இப்படி ஒரு பள்ளம் என்று தெரிந்தே அங்கே போய் ஏன் குடியேறினார்கள், கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கக் கூடாதா?

முஷ்டிக்கணக்கு:
சூரியன் தினமும் உதிக்கத்தான் செய்கிறது, மலை மறைக்கிறது, அவ்வளவுதான். தலைக்கு மேலே வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், வடக்கு மலையின் மேல்பாதியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஊர் மட்டும் நிழலில் கிடக்கும்.

கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள், அது வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். ரியூக்கான் கிட்டத்தட்ட 60 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே செப்டம்பர் 22 வாக்கில், உச்சிவேளையிலேயே சூரியன் தொடுவானத்துக்கு மேல் மூன்று முஷ்டி உயரம்தான் ஏறும். டிசம்பர் 21 அன்று ஒரு முஷ்டிகூடத் தேறாது, ஆறரை டிகிரி. பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகப் போகிறது, தெற்கில் 1,883 மீட்டர் உயர கௌஸ்டா மலை, ஊரோ அதன் காலடியில் சுமார் 300 மீட்டரில். தெற்குப் பக்கத்து மலை விளிம்பு மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவாக மறைத்தாலே போதும், நீங்கள் சொன்ன தேதிகள் அப்படியே வந்துவிடும்.

நம் பக்கம் இது நடக்காது. சென்னையில் டிசம்பரில்கூட உச்சிச் சூரியன் ஐந்து முஷ்டிக்கு மேலே நிற்கும். நம் மலையடிவாரத்து ஊர்களில் மலை காலையையோ சாயங்காலத்தையோ கொஞ்சம் தின்னும், நடுப்பகலைத் தொட முடியாது.

தண்ணிக்காட்டான்:
இரண்டாவது கேள்விக்கு ஊரின் பெயரிலேயே விடை இருக்கிறது. ரியூக்கான் என்பது அங்குள்ள அருவியின் பெயர், 'புகைகிற' என்று பொருள். நம் ஒகேனக்கல் மாதிரியேதான், கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. 104 மீட்டர் விழுகிற தண்ணீர், அடியில் சாரல் புகை மாதிரி எழும்புமாம்.

1900களின் தொடக்கத்தில் பிர்க்லாண்ட் என்ற இயற்பியல்காரரும் சாம் எய்டே என்ற பொறியாளரும் சேர்ந்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனை மின்பொறியில் எரித்து உரமாக்க வழி கண்டுபிடித்தார்கள். வேலை செய்கிற முறைதான், ஆனால் மின்சாரத்தை யானைப் பசியில் சாப்பிடும். அந்தக் காலத்தில் மின்சாரத்தைக் கம்பியில் வெகுதூரம் கொண்டுபோவதைவிட ஆலையை அருவிக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் லாபம். 1905இல் நோர்ஷ்க் ஹைட்ரோ கம்பெனி தொடங்கியது. 1911இல் வேமார்க் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது, அப்போது உலகத்திலேயே பெரியது அதுதான். அதற்கு முன்னால் அங்கே சில பண்ணை வீடுகள்தான். வீடு, பள்ளிக்கூடம், ரயில் எல்லாமே கம்பெனி போட்டது. உரத்தை ஏற்றிய ரயில் பெட்டிகள் டின் ஏரியை அப்படியே படகில் ஏறிக் கடந்தன.

அதனால் 'தள்ளிக் கட்டியிருக்கலாமே' என்பது நடக்காத காரியம். வெயிலை மறைக்கிற அதே செங்குத்தால்தான் தண்ணீர் அந்த உயரத்திலிருந்து விழுகிறது. வெயில் நிறையப் படுகிற சமவெளியில் அந்த ஆலைக்கு வேலையே இல்லை.

ஒரு சின்ன விஷயம், பெரிய அதிகாரிகளின் வில்லாக்கள் மட்டும் சரிவில் மேலே ஏறி இருக்கும். எல்லா ஊரிலும் இது இப்படித்தான் போல.

பழைய ரேடியோ:
கனநீரை விட்டுவிட்டீர்களே! அதே வேமார்க்கில்தான் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும்போது உபரியாகக் கனநீர் கிடைத்தது, அதாவது கனமான ஹைட்ரஜன் இருக்கிற தண்ணீர், அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய சரக்கு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்காரன் கையில் அது சிக்கியது. 1943 பிப்ரவரி 27 ராத்திரி நார்வே கமாண்டோக்கள் பள்ளத்துக்குள் இறங்கி, ஆற்றைக் கடந்து, எதிர்ப்பக்கம் பாறையில் ஏறி, ரயில் தண்டவாளம் வழியாக உள்ளே போய் குண்டு வைத்துவிட்டு ஒரு உயிர்ச்சேதம் இல்லாமல் திரும்பினார்கள். அடுத்த வருடம் மிச்சக் கனநீரை ஏற்றிக்கொண்டு போன ஏரிப் படகை மூழ்கடித்தார்கள், அதில் சாதாரணப் பயணிகளும் செத்தார்கள். சினிமாக்காரர்கள் முதல் கதையைத்தான் கொண்டாடுவார்கள்.

கஞ்சப்பிரபு:
எல்லாம் சரி, கண்ணாடி விஷயம் எனக்கு இன்னும் விளம்பரமாகத்தான் படுகிறது. மூன்று கண்ணாடி, மொத்தம் 51 சதுர மீட்டர். திடலில் விழுகிற வெளிச்ச வட்டம் சுமார் 600 சதுர மீட்டர். 51இல் விழுகிற வெயிலை 600இல் பரப்பினால் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இதற்கு 50 லட்சம் குரோனர். ஊருக்குள்ளேயே அப்போது எதிர்ப்பு இருந்தது, அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

ஆஸ்லோ தமிழன்:
கஞ்சப்பிரபு சொன்ன கணக்கு சரிதான், நான் போன பிப்ரவரியில் அங்கே போய் நின்றவன், குளிர் காய்கிற சூடெல்லாம் இல்லை. ஆனால் பள்ளத்துக்குள் வந்த நேரத்திலிருந்து என் காலடியில் நிழலே இல்லை, அந்த வட்டத்துக்குள் ஒரு எட்டு வைத்ததும் நிழல் விழுந்தது. அதுவும் தெற்குப் பக்கமாக. கண்ணாடிகள் வடக்குச் சரிவில் ஊருக்கு மேல் 450 மீட்டரில் இருப்பதால் வெயில் வடக்கிலிருந்து வருகிறது, நட்டநடுப் பகலில் நம் நிழல் தப்பான திசையில் கிடப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய் பத்தில் ஒரு பங்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, இந்தக் கண்ணாடி யோசனை 1913லேயே ஊருக்குள் பேசப்பட்டதுதான், அப்போது செய்யத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக 1928இல் கம்பெனி ஒரு ரோப்கார் போட்டுக் கொடுத்தது, குளிர்காலத்தில் ஜனங்கள் மேலே போய் வெயில் பார்த்துவிட்டு வரட்டும் என்று. ஒரு பெட்டி சிவப்பு, இன்னொன்று நீலம், இன்றும் ஓடுகிறது. நான் ஏறின அன்றைக்குக் கீழே பல் கிட்டுகிற குளிர், மேலே போனால் ஜாக்கெட் ஜிப்பை இறக்கிவிட்டேன். குளிர்காற்று கனம், பள்ளத்தில் தேங்கிவிடும். கண்ணாடி வந்தது 2013 அக்டோபரில்தான்.

கொடிவழி:
ஆஹா, நன்றி எல்லாருக்கும். ஆஸ்லோ அண்ணே, கண்ணாடியைப் பார்க்கப் போவதென்றால் எப்போது போகலாம்? உர ஆலை இன்னும் இருக்கிறதா?

ஆஸ்லோ தமிழன்:
உரமெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. வேமார்க் இப்போது அருங்காட்சியகம், 2015இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஊரில் சுமார் 3,000 பேர்தான். குளிர்காலத்தில் வருகிற கூட்டத்தில் நிறையப் பேர் உறைந்த அருவிகளில் ஏறுகிற ஆட்கள், வெயில் படாததால் அங்கே பனிக்கட்டி உருகாமல் மாதக்கணக்கில் நிற்கும்.

நீங்கள் அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் வாருங்கள், ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை பார்த்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் கண்ணாடி சும்மா மேகத்தைத்தான் காட்டும். முதல் தடவை போனபோது எனக்கு அதுதான் கிடைத்தது.