யுகாத்தான் ஆளுநர் கரீயோ புவெர்த்தோ: இரண்டு வருடம்கூட இல்லாத ஆட்சிக்கு ஏன் இவ்வளவு பெயர்?

கேள்வி (கடற்காகம்):
மெக்சிகோ புரட்சி பற்றிப் படிக்கும்போது ஃபெலிப்பே கரீயோ புவெர்த்தோ என்ற பெயர் அடிக்கடி வருகிறது. 1922 பிப்ரவரியில் மெக்சிகோவின் யுகாத்தான் மாநில ஆளுநராகப் பதவியேற்றவரை, 1924 ஜனவரி 3-ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்குள் அப்படி என்ன செய்தார்? தேடினால் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆல்மா ரீடுடன் இருந்த காதல் கதைதான் வருகிறது.

மண்வெட்டி:
காதலை ஓரமாக வையுங்கள். அன்றைய யுகாத்தான் முழுக்கக் கயிறு திரிக்கும் எனெக்கேன் கற்றாழைப் பண்ணைகள், அவற்றில் கடனில் மூழ்கிக் கிடந்த மாயா பழங்குடிக் கூலிகள். அங்கே மோத்தூல் ஊரில் பிறந்த இவர் மாயா மொழியை நன்றாகப் பேசுவார், அரசியல் சட்டத்தையே அதில் பெயர்த்தவர், ஆளுநரானதும் முதல் உரையையும் அதிலேதான் பேசினார். பண்ணையார்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அப்புறம் கிராமங்களுக்கு நிலம், 1922-லேயே மாநிலத் தலைநகர் மெரிதாவில் பல்கலைக்கழகம், பழைய மாயா நகரமான சிச்சென் இட்சாவுக்குச் சாலை. 1923-ல் கணவனோ மனைவியோ ஒருவர் கேட்டாலே விவாகரத்து என்ற சட்டம் வேறு.

பழையகோப்பு:
எல்லாம் சரி, ஆனால் புனிதராக்க வேண்டாம். கூலிகளையும் விவசாயிகளையும் திரட்ட அவர் நடத்திய ‘எதிர்ப்புச் சங்கங்களில்’ பல, உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கையில்தான் இருந்தன. 1923 டிசம்பரில் மெக்சிகோ மத்திய அரசுக்கு எதிராகத் தெ லா வெர்த்தா கலகம் வந்தபோது மெரிதா படையே கலகக்காரர் பக்கம் சாய்ந்தது, சங்கத்தாரிடம் ஆயுதம் இல்லை, இவர் கியூபாவுக்குத் தப்பப் பார்த்துக் கடலோரத்தில் பிடிபட்டார். அவரையும் மூன்று சகோதரர்களையும் தோழர்களையும் சேர்த்து மெரிதா கல்லறைச் சுவரில் நிறுத்திச் சுட்டார்கள். ஆல்மா ரீட் அப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் கல்யாண ஏற்பாட்டில் இருந்தார், அதனால்தான் கதை இந்த அளவு பரவியது என்று நினைக்கிறேன்.

தென்றல்:
தங்கை எல்வியாவை யாருமே சொல்லவில்லையே! பெண்கள் சங்கங்களை ஊர் ஊராகக் கட்டியவர் அவர்தான். 1922-ல் ரோசா தோரே மெரிதா நகர மன்றத்துக்கும், அடுத்த வருடம் எல்வியா உட்பட மூன்று பெண்கள் மாநில சட்டமன்றத்துக்கும் தேர்வானார்கள். அண்ணன் போனதும் பதவிகள் பறிபோயின. மெக்சிகோ முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1953-ல். ஆல்மா ரீடைப் பற்றிப் படித்த நேரத்தில் பாதியாவது எல்வியாவுக்குக் கொடுங்கள்.