13பி போடப் போகிறவர்களுக்கு என் அனுபவம்

விவாகரத்து கேஸில் வருஷக்கணக்கில் வாய்தா வாங்கி அலைந்ததைப் பலர் இங்கே எழுதியிருக்கிறீர்கள். எங்களுடையது இந்து திருமணச் சட்டம் 13பி, அதாவது பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து கேட்டு இரண்டு பேரும் சேர்ந்து போட்ட மனு. ஒரு வருஷமாவது பிரிந்திருந்தால்தான் போட முடியும். கோர்ட்டில் நடப்பது கொஞ்சம்தான், அதற்கு முன்னால் பேசித் தீர்க்க வேண்டியதுதான் ஆளை உலுக்கிவிடும்.

நகை விஷயத்தில் கணவர் வீட்டில், "கேஸ் முடியட்டும், தந்துடறோம், அதை எதுக்கு மனுவுல எழுதிக்கிட்டு" என்றார்கள். என் வக்கீல் அம்மா அசையவே இல்லை. "ஏம்மா, வாயால சொன்னதுக்கு நாளைக்கு யார் சாட்சி?" என்று கேட்டார். கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பெற்ற அம்மாவும் நானும் ஒவ்வொன்றாகக் குறித்தோம்: காசுமாலை, நெளிமோதிரம், வெள்ளிக் குத்துவிளக்கு, பீரோ, தையல் மெஷின் வரைக்கும். எது யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதெல்லாம் மனுவிலேயே ஏறியது. குழந்தை விஷயத்திலும் அப்படித்தான், "அப்பா வந்து பார்க்கலாம்" என்று மொட்டையாக விடாமல் எந்தக் கிழமை, எத்தனை மணி வரை, தீபாவளிக்கு யார் வீட்டில், ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது என்று வக்கீல் எழுதவைத்தார். ஜீவனாம்சத்துக்குப் பதிலாகப் பேசிய மொத்தத் தொகையில் பாதிக்கு மனு போட்ட அன்றே டிடி, மீதி கடைசி விசாரணையில் நீதிபதி முன்னால்.

இவ்வளவு கறார் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தீர்ப்பு வரும் வரைக்கும் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், 1991லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நடுவில் கணவரின் மாமா ஒருவர் புகுந்து தொகையைக் குறைக்கப் பார்த்தார், எழுத்தில் இருந்ததால் பேச்சு அதோடு நின்றது.

மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம், ஆனால் பொதுவாக மனு போடுவதற்கு முன்பே பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்க வேண்டும், சமரசத்துக்கு வழியில்லாமல் பணம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும், அப்போதும் முடிவு நீதிபதி கையில்தான். எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆகவில்லை, காத்திருந்தோம். கிறிஸ்தவர்களுக்குச் சட்டமே வேறு, அதை உங்கள் வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.

கடைசி நாளில் டவாலி எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று நீதிபதி இரண்டு பேரிடமும் பொறுமையாகக் கேட்டார். வேகமாக முடிந்துவிட்டது, எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள், ஒன்றுக்கு மேல் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுப்பது போன்ற வேலைகளுக்கு அதைத்தான் கேட்கிறார்கள். நகைப் பட்டியல் எழுதுவதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், என்னுடையது எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.