இழை: 'ஃபிரீ சுகர்'களுக்கு உதிரிச்சர்க்கரை எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஃபிரீ சுகர்' (free sugars) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: கட்டற்ற சர்க்கரை, தனிச்சர்க்கரை, சேர்சர்க்கரை, விடுசர்க்கரை, தீங்குச்சர்க்கரை. 'இலவசச் சர்க்கரை' என்று எந்திர மொழிபெயர்ப்பு தருவதை யாரும் ஆதரிக்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவு தயாரிப்பவரோ சமைப்பவரோ உண்பவரோ சேர்க்கிற ஒற்றைச்சர்க்கரைகளும் (குளுக்கோசு போன்றவை) இரட்டைச்சர்க்கரைகளும் (சுக்ரோசு போன்றவை) இந்த வகையில் அடங்கும். தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரையும் அடங்கும். முழுப் பழத்திலும் காய்கறியிலும் பாலிலும் இருப்பது அடங்காது. ஒரு நாளில் நாம் பெறும் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இதை வைக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்பது பரிந்துரை. 2,000 கிலோகலோரி உண்பவருக்கு அந்த 5 விழுக்காடு 25 கிராம்தான்.

> வேதியியலில் 'கட்டுறா எலக்ட்ரான்' இருக்கிறதே, அதே வழியில் 'கட்டற்ற சர்க்கரை' போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். 'கட்டு' என்றதும் மாணவர் வேதிப் பிணைப்பை நினைப்பார். இங்கே பேச்சு அதைப் பற்றியதே இல்லை. கரும்புச் சர்க்கரையான சுக்ரோசில் குளுக்கோசும் ஃபிரக்டோசும் வேதிப் பிணைப்பால் கட்டுண்டே இருக்கின்றன. ஆனாலும் காபியில் போட்டால் அது இந்த வகையில் சேரும். திராட்சைக்குள் இருக்கும் குளுக்கோசு எதோடும் பிணையாமல் செல்சாற்றில் கரைந்து கிடக்கிறது. பழத்தை முழுதாகத் தின்றால் அது இந்த வகையில் சேராது. பிணைப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் இரண்டு இடத்திலும் தவறிப்போகிறோம். இங்கே முக்கியமானது செல்சுவர். செல்லுலோசும் பெக்டினும் சேர்ந்த அந்தச் சுவருக்குள் இருக்கும் வரை சர்க்கரை நாரோடும் நீரோடும் சேர்ந்தே வாய்க்கு வருகிறது. மென்று தின்ன நேரம் பிடிக்கிறது, வயிறும் நிறைகிறது. பிழிந்து வடிகட்டினால் சுவர் உடைந்து சக்கை குப்பைக்குப் போகிறது, சர்க்கரை மட்டும் டம்ளருக்கு வருகிறது. மூன்று நான்கு ஆரஞ்சை உட்கார்ந்து தின்பவர் குறைவு. அவற்றின் சாற்றை ஒரே மூச்சில் குடிப்பவர் ஏராளம்.

தனிச்சர்க்கரை என்றால் ஒற்றைச்சர்க்கரையோடு குழம்பும். ஒற்றை, இரட்டை என்ற அந்த வரிசையை நாம் கெடுத்துவிடக் கூடாது, ஏனென்றால் உயிரியலில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. குளுக்கோசு, ஃபிரக்டோசு, காலக்டோசு மூன்றிலும் அணுக்கள் ஒன்றே: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. உடலோ மூன்றையும் மூன்று விதமாக நடத்துகிறது. குளுக்கோசை எல்லாச் செல்களும் எரிக்கும். வளர்ந்தவரின் மூளை மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் கேட்கும். ஃபிரக்டோசில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் கையாள்கின்றன. குடலில் குளுக்கோசும் காலக்டோசும் சோடியத்தோடு சேர்ந்து ஒரே வாயிலில் நுழையும், ஃபிரக்டோசுக்கு அந்த வாயில் இல்லை.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இந்த வாயிலால்தான். ஒரு லிட்டர் நீரில் 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். குளுக்கோசு சோடியத்தை உள்ளே இழுக்க, தண்ணீர் பின்னாலேயே வருகிறது. எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்த கரைசல் அது. அதில் உள்ள குளுக்கோசும் வரையறைப்படி இந்த வகைதான் என்பதால் 'தீங்குச்சர்க்கரை'யை நான் கடுமையாக மறுக்கிறேன். கலைச்சொல் தீர்ப்பு சொல்லக் கூடாது. எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சேர்சர்க்கரை வேறொரு கருத்துக்கு வேண்டும். இந்தியாவில் உணவுப் பொட்டலங்களின் சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரையையும் சேர்த்த சர்க்கரையையும் தனித்தனியே காட்ட வேண்டும். இனிப்பே கலக்காத பழச்சாற்றில் சேர்த்தது சுழியம். ஆனால் நாம் பேசும் கணக்கில் அதன் சர்க்கரை முழுவதும் வரும். தெருவோரக் கரும்புச்சாற்றிலும் பொதுவாக யாரும் சர்க்கரை சேர்ப்பதில்லை, ஒரு பெரிய டம்ளரிலேயே அந்த 25 கிராம் தாண்டிவிடும். ஆக இரண்டு கருத்து, இரண்டு சொல். விடுசர்க்கரை நல்ல வினைத்தொகை, எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் காதில் விழும்போது 'சர்க்கரையை விடு' என்ற கட்டளையாகக் கேட்கிறது.

என் பரிந்துரை உதிரிச்சர்க்கரை. சரமாகத் தொடுக்காத பூவை உதிரிப்பூ என்கிறோம். பூ அதேதான், சேர்ந்திருந்த இடத்தை விட்டு வந்திருக்கிறது. இதற்கு எதிர்ச்சொல்லாக, பழத்துக்குள் இருப்பதற்கு உள்ளுறை சர்க்கரை. உள்ளுறை வெப்பம் பாடநூலில் ஏற்கெனவே பழகிய சொல், வலி மிகாமல் அப்படியே எழுதலாம். பாலில் இருப்பதற்குப் பால்சர்க்கரை இருக்கிறது. ஆங்கிலத்திலேயே இது எளிதாக அமைந்துவிடவில்லை. பிரிட்டனில் 1989 முதல் 'பால் சாராப் புறச்சர்க்கரை' என்று பொருள்படும் ஒரு நீண்ட பெயரை வைத்திருந்து, 2015-இல்தான் இப்போதைய பெயரை ஏற்றார்கள்.

கடையில் பொட்டலம் போடாமல் விற்கும் சர்க்கரையை இது குறிக்காதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். அதைச் சில்லறையாக வாங்குவது என்றோ லூசில் வாங்குவது என்றோதான் சொல்கிறோம். அப்படியே யாராவது புரிந்துகொண்டாலும் தவறில்லை, அதுவும் உதிரிச்சர்க்கரைதானே!

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'தேனில் உள்ளது பெரும்பாலும் ஃபிரக்டோசும் குளுக்கோசும்; இரண்டும் உதிரிச்சர்க்கரையே.' 'வாய்ப் பாக்டீரியாக்கள் உதிரிச்சர்க்கரையை அமிலமாக்குவதால் பற்சிதைவு உண்டாகிறது.' 'கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் பனங்கற்கண்டும் உதிரிச்சர்க்கரைக் கணக்கில் சேரும்.' இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இந்தச் சொல் எனக்கு வேண்டியிருக்கிறது. 'எனக்குச் சுகர், அதனால் கருப்பட்டிக் காபிதான்' என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, உண்மை. மிச்சம் பெரும்பகுதி சுக்ரோசு. வெள்ளைச் சர்க்கரை மட்டும்தான் சர்க்கரை என்ற எண்ணத்தைத் தாண்டி எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவர ஒரு பெயர் இல்லாததால் மருத்துவர்களும் பட்டியல் போட்டே சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கத்தில் வெள்ளையாக இருப்பது சீனி, சர்க்கரை என்றால் எங்கள் வெல்லம். அறிவியல் நூல்களிலோ 'தாழ்த்தும் வெல்லம்' (reducing sugar) என்று வெல்லமே பொதுப்பெயர். அங்கே 'உதிரிவெல்லம்' என்றால்தான் பொருந்துமா? இங்கே அதைக் கேட்டால் உதிர்த்த அச்சுவெல்லம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'உதிரி' மட்டும் இரு பக்கமும் பொதுவாக இருந்து, பின்னொட்டை அவரவர் வழக்கப்படி வைத்துக்கொண்டால் எனக்குச் சம்மதம். உங்கள் பாடநூல்களில் வேறு சொல் ஏற்கெனவே புழங்கினால் தெரிவியுங்கள், அதையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

அன்புடன்