பெரியப்பாவின் ஜூன் மாதப் பிறந்தநாள்: இதை சமூகவியல் அசைன்மெண்டில் எழுதலாமா?

மார்கழி64:
வணக்கம். பி.ஏ. சமூகவியல் முதலாமாண்டு படிக்கிறேன். ஊர் ராமநாதபுரம் பக்கம். முழுக்க நம் சொந்த விஷயம் என்று நினைக்கும் ஒன்றை எடுத்து, அதில் சமூகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லியிருக்கிறார் மேடம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கல்யாணத்தையும் செல்போனையும் எடுத்துவிட்டார்கள். நான் பிறந்த தேதியை எடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

என் பெரியப்பா தனுஷ்கோடிப் புயலுக்கு நாலு நாள் முன்னால் பிறந்தவர். அப்பத்தா இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் 1964 டிசம்பர். டி.சி.யில் இருப்பதோ 3.6.1964. அரசு வேலை என்பதால் 60 வயதுக் கணக்கில் 2024 ஜூன் கடைசியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நிஜத் தேதி பதிவாகியிருந்தால் டிசம்பர் வரை சம்பளம் வாங்கியிருப்பார். அப்பாவுக்கும் அத்தைக்கும்கூட ஜூன்தான். தெருவில் விசாரித்தால் அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன், மீதியில் நிறைய மே.

இது சமூகவியலா, இல்லை ஏதோ ஒரு வாத்தியாரின் சோம்பேறித்தனமா? "இது காமெடிடா" என்கிறான் நண்பன்.

திண்ணைவாசகன்:
தாராளமாக எழுதலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-ல் சொன்னதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் பேர் இருக்கும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவருடைய சொந்தச் சிக்கல், அவருடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். 5 கோடி உழைப்பாளிகள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் ஒவ்வொருவரின் குணத்தையும் ஆராய்ந்து பயனில்லை. உங்கள் பெரியப்பா ஒருவருக்கு மட்டும் ஜூன் என்றால் வாத்தியார் சோம்பேறி. தெருவுக்கே ஜூன் என்றால்?

ஓய்வுவாத்தியார்:
வாத்தியாரைச் சோம்பேறி என்று சொன்னதால் நான் வந்தே ஆகவேண்டும்! 1983-ல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, 2018-ல் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். எனக்கும் ஜூன் 5 தான். நிஜத்தில் ஐப்பசி.

தம்பி, பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது முடிந்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்தது வீட்டில், மருத்துவச்சி கையில். நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல்தான். அதற்கு முன்னும் கிராம முன்சீப்பிடம் பதிவேடு உண்டு, ஆனால் எல்லாத் தெருவுக்காரரும் போய்ச் சொல்லுகிற இடமா அது? தேதி கேட்டால் "புயலடிச்ச வருசம்", "அறுப்பு சமயம்" என்பார்கள். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்வோம், தொட்டால் சேர்த்துக்கொள்வோம். அப்புறம் பதிவேட்டில் ஏதாவது ஒரு தேதி போட வேண்டுமே. 5 வயது சரியாக முடிகிற மாதிரி மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்று போட்டுவிடுவோம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஒரே ஜூன் இரண்டு பக்கமும் வெட்டியது. நாலரை வயதில் வந்த பிள்ளைக்குக் காகிதத்தில் அரை வயது கூடிவிடும். உங்கள் பெரியப்பா அந்த ரகம். 1982 ஜூலையில் சத்துணவு வந்த பிறகு வேறு மாதிரி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன்களெல்லாம் தம்பி தங்கையோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கும் 5, 6 என்றுதான் எழுதினோம். நிஜ வயதை எழுதினால் பின்னால் அரசு வேலைக்கு வயது வரம்பு இடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அவர்கள் அப்பாக்களுக்குத் தெரியாது.

தெரிந்த அப்பாக்களும் இருந்தார்கள். ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். வீட்டில் ஜாதகம் நாள், நட்சத்திரம், நாழிகையோடு பத்திரமாக இருக்கும். ஆனாலும் "சார், ஒரு வருசம் குறைச்சுப் போடுங்க" என்பார்கள். பையன் பிறக்கும்போதே அவன் ஓய்வு பெறும் தேதியை யோசித்தவர்கள். ஜூன் 1 மட்டும் வேண்டாம் என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். முதல் தேதி பிறந்தால் முந்தைய மாதக் கடைசியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஒரு மாதச் சம்பளம் போய்விடும்! சரியான தேதி தெரியாதவனுக்கு நாங்கள் போட்டதே தேதி. தெரிந்தவன் தனக்கு வசதியானதைக் கேட்டு வாங்கினான். என்னைக் கேட்டால் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மில்ஸை ஒரு பத்தியோடு நிறுத்துங்கள்.

அரசுப் பணியில் சேர்ந்த 5 ஆண்டுக்குள் பிறந்த தேதியைத் திருத்த விண்ணப்பிக்கலாம் என்று விதி உண்டு. எத்தனை பேருக்கு அது தெரியும், தெரிந்தாலும் எந்த ஆதாரத்தைக் காட்டுவார்கள்? அப்பத்தாவின் புயலை எந்த ஆபீஸில் ஏற்பார்கள்?

ஒன்றை மறைக்கக் கூடாது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தருவார்கள். ஜூன்காரனான எனக்கு அதில் கிட்டத்தட்ட ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது.

ஸ்கார்பரோ அம்மா:
கனடாவில் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். இங்கே தேதி பொய் இல்லை, ஆனால் கோடு கிழிப்பது ஜனவரி 1. சிறுவர் ஐஸ் ஹாக்கியில் ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே வயதுக் குழு. பெரிய பிள்ளை திறமைசாலியாகத் தெரிவான், நல்ல அணியில் எடுபடுவான், கூடுதல் பயிற்சி கிடைக்கும், பிறகு நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுவான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985 வாக்கில் இதை எழுதினார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகமாக இருந்தார்கள். என் மகன் டிசம்பர். ஒன்றாம் வகுப்பில் அவனை "மந்தம்" என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தவன் ஜனவரிக்காரன் என்று யாரும் சொல்லவில்லை.

மார்கழி64:
எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, மன்னிச்சுக்கோங்க, சோம்பேறி என்றதைத் திரும்பப் பெறுகிறேன். பள்ளியில் போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டால் காட்டுவார்களா? எத்தனை ஜூன் என்று எண்ணிப் பார்க்க ஆசை.

ஓய்வுவாத்தியார்:
காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. அதில் எல்லோருடைய சாதியும் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே பத்திருபது பெரியவர்களிடம் உட்காருங்கள். டி.சி.யில் என்ன தேதி, வீட்டில் என்ன சொல்வார்கள், பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கேளுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பெண்களிடம் அவசியம் கேளுங்கள்.

மார்கழி64:
நேற்று ராத்திரி அத்தையிடம் கேட்டுவிட்டேன். அத்தையை அப்பத்தாவும் தாத்தாவும் சேர்க்கவே இல்லையாம். பெரியப்பாதான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறார். வயசு என்ன என்று வாத்தியார் கேட்டதும் "என்னைவிட மூணு வயசு சின்னவ சார்" என்றிருக்கிறார். வாத்தியாரும் பெரியப்பாவின் தேதியை அப்படியே எடுத்து, வருடத்தை மட்டும் மாற்றி 3.6.1967 என்று எழுதிவிட்டார். அத்தை நிஜத்தில் எப்போது பிறந்தார் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். பெரியப்பா பிறந்ததற்குப் புயல் இருந்தது, அத்தைக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லை என்கிறார். திங்கட்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும், அத்தையிலிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன்.